பாதிப் பாலத்தில் ஒரு முழுப் பொய்

அத்தியாயம் ஏழு

"நான் இங்கயே நிக்கிறேன் மேடம். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நம்பிக்கிறேன்."

ரோக்கோ பலும்போ பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடலாம் என்றால் தலை சுற்றியது, திறக்கலாம் என்றால் கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. ஆல்டர் ரன் பாலத்தில் ஒரு காலத்தில் சரக்கு ரயில் ஓடியது. பிறகு ஒரு சூறாவளி வந்து பாதிப் பாலத்தைப் பிடுங்கிப் பள்ளத்தாக்கில் போட்டுவிட்டுப் போனது. மிச்சப் பாதியை அரசாங்கம் நடைபாதையாக்கி, முனையில் கண்ணாடித் தரை போட்டு, சுற்றிலும் காட்டை வளைத்து மாநிலப் பூங்கா என்று பெயரும் வைத்துவிட்டது. கீழே முறுக்கிக்கொண்டு கிடக்கும் இரும்புக் கோபுரங்களைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. ரோக்கோவுக்கு அதில் என்ன ரசனை இருக்கிறதென்று இன்றுவரை விளங்கவில்லை.

லெனோரா எக்மன் கண்ணாடித் தரையின் நடுவில் நின்று ஓடையை எட்டிப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவள். வயது ஐம்பதுக்கு மேல். நடை மட்டும் இன்னும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவளின் நடை.

"ஓடை கரை புரண்டு ஓடுது ரோக்கோ. விழுந்தவன் இந்நேரம் அணைக்கட்டுக்கே போயிருப்பான்னு ஷெரிப் சொல்றதுல தப்பில்ல."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா? வாங்க, தரைக்குப் போவோம்."

"விழுந்திருந்தா."

ரோக்கோ பெருமூச்சு விட்டான். இந்த ஒற்றை வார்த்தையை லெனோரா சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை, ஊர் ஆண்கள் எல்லாரும் மான் வேட்டைக்காகக் காட்டில் இருந்த நேரத்தில், கென்ட் என்பவனும் அவன் மச்சான் ராயும் இந்தப் பாலத்தில் நின்று சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு கென்ட்டை யாரும் பார்க்கவில்லை. இரத்தக் கறையோடு அவன் ஜாக்கெட் கம்பியில் தொங்கியது, போன் பலகையில் கிடந்தது. மூக்கில் ஒரு குத்து விட்டது உண்மை, அதோடு கிளம்பிவிட்டேன் என்கிறான் ராய். இல்லை, குத்திவிட்டுப் பிடித்துத் தள்ளினான் என்கிறார் கண்ணால் பார்த்த சாட்சி. அந்தச் சாட்சி அரிசோனாவிலிருந்து பாலம் பார்க்க வந்த வேற்றூர்க்காரர், யார் பக்கமும் சாயவேண்டிய அவசியம் இல்லாதவர். அந்த ஒரு வாக்குமூலத்தில்தான் ராய் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலையில் அவனை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். சாட்சி சொல்லிவிட்டு அரிசோனாக்காரர் விமானம் ஏறிவிடுவார்.

லெனோராவைத் தேடி வந்தவள் டார்லா. கென்ட்டின் மனைவி, ராயின் அக்கா. புருஷன் தண்ணீரில், தம்பி சிறையில். செவ்வாய்க்கிழமை சிறைக்குப் போன இடத்தில் ராய் அவளிடம், கென்ட்டுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு, சண்டையே அதனால்தான் என்று சொல்லியிருக்கிறான். செத்தவன் மேல் சேற்றை வாரி வீசுகிறாயே, இனி நீ எனக்குத் தம்பியே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் வரவில்லை.

"ஒருத்தனையாவது முழுசா இழக்கணும் லெனோரா, இல்ல முழுசா வெச்சுக்கணும்," என்று இன்று காலை அலுவலகத்தில் உட்காரக்கூட முடியாமல் சொன்னாள். "இந்த நடுவுல என்னால நிக்க முடியல."

எதற்கும் நக்கலடிக்கிற ரோக்கோ அதைக் கேட்டதும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். அது அவனுக்கே புதிதாக இருந்தது.

* * *

சாட்சி ஹாலிஸ் பாலத்துக்குப் பக்கவாட்டில் இருந்த பார்வை மேடையில் காத்திருந்தார். நல்ல உயரம், பாலைவன வெயிலில் காய்ந்த முகம், கழுத்தில் விலையுயர்ந்த கேமரா. காலடியில் ஆரஞ்சுத் துணி கட்டிய பீகிள் நாய் ஒன்று. ரோக்கோ குனிந்து அதன் காதைத் தடவிக்கொடுத்தான். அந்த மேடையில் அவனிடம் சிநேகமாக நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

"இங்கதான் நின்னேன்," என்றார் ஹாலிஸ், பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டே. "காத்துல வார்த்தை கேக்கல. தாடி வெச்சவன் ஓங்கி மூக்குல குத்தினான். அப்புறம் ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சு ஒரே தள்ளு. ஷெரிப் கிட்ட சொன்னதுதான், இதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"கம்பி இடுப்புக்கு மேல இருக்கே," என்றாள் லெனோரா.

"கோபத்துல இருக்கிறவனுக்குக் கம்பி ஒரு பொருட்டா?"

எதிர்மலையில் ஒரு துப்பாக்கி வெடித்தது. சத்தம் பள்ளத்தாக்கில் உருண்டு வந்தது. கேமரா முக்காலியோடு பக்கத்தில் நின்ற கலிபோர்னியாப் பெண் ஒருத்தி "ஐயோ கடவுளே!" என்று குந்தி உட்கார்ந்துவிட்டாள். ரோக்கோ அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். ஹாலிஸ் காபியை ஊற்றி முடித்து மூடியைத் திருகினார்.

"ஒரு சந்தேகம் சார்," என்றான் ரோக்கோ. "அரிசோனாவுல பாலமே இல்லையா? அத்தனை தூரம் வந்து பாதிப் பாலத்தப் பாக்குறீங்க?"

"முழுப் பாலத்தத்தான் எல்லாரும் பாக்குறாங்களே."

ரோக்கோவுக்குப் பொறாமையாக இருந்தது. அது அவன் சொல்லியிருக்கவேண்டிய பதில்.

"இந்தப் பக்கம் முன்னாடி வந்திருக்கீங்களா?" லெனோரா கேட்டாள்.

"முதல் தடவை. பென்சில்வேனியாவுல எனக்கு ஈ காக்கா தெரியாது."

"வேட்டை?"

"துப்பாக்கியத் தொட்டதே இல்லம்மா. எனக்கு ரயிலும் பாலமும்தான். நான் போகலாமா? லாட்ஜுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கணும்."

நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சொன்னதில் ஒரு பிசிறு இல்லை. லெனோரா மேடையை இரண்டு முறை சுற்றி வந்தாள். எதிலோ கால் தடுக்கியும் எதில் என்று தெரியாத முகம் அவளுக்கு.

* * *

பார்வையாளர் கூடத்தில் டார்லா கண்ணாடிச் சுவர் ஓரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். இவர்கள் உள்ளே நுழைந்ததும் நின்றாள்.

"அந்த ஆள் பொய் சொல்றானா?"

"சொல்றதெல்லாம் கோர்வையா இருக்கு," என்றாள் லெனோரா.

டார்லா பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ராய்தான். என் தம்பிதான் கொன்னிருக்கான்."

 குந்தி உட்கார்ந்த கலிபோர்னியாப் பெண் இதற்குள் உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்தில் கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். இனெஸ் என்று பெயர். பழைய ரயில் பாலங்களைப் படமெடுப்பதற்காக நாடு முழுக்க அலைகிறவளாம். நல்ல வெளிச்சம் வரட்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து இங்கேயே கிடக்கிறாள். ரோக்கோ தூக்கிவிட்ட உரிமையில் அவனிடமே கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல நாய்க்கெல்லாம் எதுக்கு ஆரஞ்சு கட்டுறீங்க? ஏதாவது பண்டிகையா?"

இத்தனை துக்கத்திலும் கூடத்தில் இருந்த பூங்கா ரேஞ்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மான் சீசன்மா," என்றான் ரோக்கோ. "பழுப்பா, நாலு கால்ல எது நடந்தாலும் சுட்டுட்டுத்தான் யாருன்னு கேப்பானுங்க. அதனால நாய், குதிரை எல்லாத்துக்கும் ஆரஞ்சுதான். எங்க பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்குட்டிக்கே சட்டை தெச்சுப் போட்டிருக்கா."

"அடப்பாவிங்களா! திங்கட்கிழமை நான் பழுப்புக் கோட்டோட கீழ ஓடை வரைக்கும் போயிட்டு வந்தேனே. என் கிட்ட யாருமே சொல்லலியே!"

"உங்களுக்கு ஆயுசு கெட்டி."

"அந்த மனுஷருக்கு மட்டும் யார் சொன்னாங்களாம்?"

"எந்த மனுஷருக்கு?"

"அதான், அரிசோனாக்காரர். திங்கட்கிழமை காலையில கார்லேருந்து இறங்கும்போதே அவர் நாய்க்கு ஆரஞ்சு இருந்துச்சே. அழகா குதிச்சுதுன்னு படம் எடுத்தேன். இருங்க, காட்டுறேன்."

லெனோரா ஏற்கெனவே அவள் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தாள். போனில் வாடகைக் கார், திறந்த கதவு, பாதி குதியில் பீகிள். லெனோரா படத்தை விரலால் பெரிதாக்கினாள். நாயின் முதுகில் கட்டியிருந்தது கடையில் வாங்கிய புதுத்துணி அல்ல. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு பல வருஷ வெயிலிலும் சோப்பிலும் செத்து, பழுத்த பீச் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரம் பிரிந்து மறுபடி தைத்திருந்தது.

"நாம எல்லாரும் சுத்த மடையங்க," என்றாள் லெனோரா.

"என்னையும் சேத்தா, என்னை மட்டுமா?"

"ஷெரிப் இந்த நாயப் பாத்தார். அவரோட டெபுடிங்க பாத்தாங்க. நான் பாத்தேன். நீ காதையே தடவுன. ஒருத்தருக்கும் உறைக்கல. ஏன் தெரியுமா? நாய் ஆரஞ்சு இல்லாம வந்திருந்தா உடனே உறைச்சிருக்கும். நம்ம கண்ணுக்கு அது நாயோட தோல் மாதிரி ஆயிடுச்சு. அந்த ஆளுக்கும் அப்படித்தான்."

ரோக்கோவின் மண்டைக்குள் மெதுவாக விளக்கு எரிந்தது. "முதல் தடவையா வந்தவன்..."

"முதல் தடவையா வந்தவன் இந்தம்மா மாதிரி பழுப்புக் கோட்டோட காட்டுக்குள்ள போவான். துப்பாக்கிச் சத்தம் கேட்டா குந்தி உக்காருவான். இவன் காபி ஊத்துறான். ஒரு சொட்டு சிந்தல."

"நானும்தான் திரும்பிப் பாக்கல."

"நீ இங்க பொறந்தவன். அவனும் இந்த மலைல எங்கயோ பொறந்தவன்தான். அரிசோனாவுல இப்ப வீடு இருக்கலாம், அடையாள அட்டை உண்மையா இருக்கலாம். ஆனா வருஷா வருஷம் சீசனுக்கு இங்க வந்து போறவன். பேச்ச மாத்திட்டான், கழுத்துல கேமராவ மாட்டிட்டான். கார்க் கதவத் திறக்கறதுக்கு முன்னாடி கை தானா நாய்க்குத் துணியக் கட்டிடுச்சு."

டார்லா பெஞ்சை விட்டுக் கிட்டே வந்தாள். "ஷெரிப்புக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணி? நாய்த்துணின்னு சொன்னா சிரிப்பார். எனக்கு அவன் பொய் சொல்றான்னு தெரியுது. எதுக்குச் சொல்றான்னு தெரியணும்."

"அவன்தான் என் புருஷனக் கொன்னிருப்பான்," என்றாள் டார்லா.  "ராய் போனதுக்கப்புறம் அவன் கொன்னுட்டு ராய் மேல போட்டிருக்கான்."

ரோக்கோவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். வண்டிச் சாவி அதற்குள் அவன் கையில் இருந்தது.

* * *

பூங்காவிலிருந்து இறங்குவதற்கு ஒரே சாலை. டார்லாவை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் டிரக்கில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மலை இறங்கும் வரை காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நாற்சந்திக் கடை வாசலில் ஹாலிஸின் கார் நின்றது. படுக்கப் போகிறேன் என்றவர் லாட்ஜுக்கு எதிர்த்திசையில் வந்திருந்தார். ரோக்கோ உள்ளே போய், சூயிங்கம் வாங்குகிறவன் போல் அலமாரிக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினான்.

"ரெண்டு சப் சாண்ட்விச் மேடம். நீளமானது. பீட்ரூட் ஊறுகாய்ல ஊறப்போட்ட முட்டை ஒரு ஜாடி. மூக்குக்கு ஒட்டுற பிளாஸ்திரி ஒரு டப்பா."

"ரெண்டா?"

"ஒண்ணு நாய்க்குன்னு சொல்லலாம்னா உள்ள வெங்காயம் இருக்கு. நாய்க்கு ஆகாது. கூட ஒரு கூட்டாளி இருக்கான்."

"பிளாஸ்திரி யாருக்கு?"

"கூட்டாளிக்கு ஜலதோஷமோ என்னமோ."

லெனோரா அவனையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு டார்லாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஹாலிஸின் கார் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் ஏறியது. ரோக்கோ தூரமாகவே பின்தொடர்ந்தான். மண்பாதை நெடுக வேட்டைக் குடில்கள். ஊரில் அதற்கு கேம்ப் என்று பேர், எந்தக் குடும்பத்துக்கும் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் டிரக்குகள், மரக்கட்டையில் தலைகீழாகத் தொங்கும் மான்கள், பீர் டப்பாவும் ஆரஞ்சுத் தொப்பியுமாக இரண்டு மூன்று கிழவர்கள். மற்றவர்கள் எல்லாம் காட்டில் இருந்தார்கள். பாதையின் கடைசியில் இருந்த கேம்ப்பின் பின்பக்கம் ஹாலிஸின் கார் போய் மறைந்தது.

ரோக்கோ வண்டியை ஹெம்லாக் மரங்களுக்கிடையில் நிறுத்தினான். அந்தக் கேம்ப்பின் முன்னால் மான் தொங்கவில்லை. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. புகைபோக்கியிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது, ஹாலிஸ் வருவதற்கு முன்பே மூட்டிய அடுப்பு.

"வேடிக்கையா இருக்கு மேடம். மான் சீசன்ல, வெளிச்சம் இருக்கும்போதே கேம்ப்புக்குள்ள உக்காந்திருக்கிறவன் ஒண்ணு செத்திருக்கணும், இல்ல ஒளிஞ்சிருக்கணும்."

"ரெண்டும்னா?" என்றாள் லெனோரா.

ரோக்கோ சிரிக்கப் போனான். சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கு. குத்து. பிளாஸ்திரி. அவன் திரும்புவதற்குள் டார்லா லெனோராவின் மேல் ஏறி, கதவைத் திறந்து, கீழே குதித்துவிட்டிருந்தாள்.

"டார்லா, நில்லு!"

நிற்கவில்லை. அழுகிய இலைகளில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். இவர்கள் படியேறுவதற்குள் கேம்ப் கதவை உதைத்தே திறந்துவிட்டாள்.

உள்ளே மேசை, சீட்டுக்கட்டு, பிரித்த சாண்ட்விச். ஹாலிஸ் பாதி எழுந்த நிலையில் இருந்தார். அவருக்கு எதிரில் காலுறையோடு உட்கார்ந்திருந்தான் கென்ட். மூக்கு வீங்கி நீலம் பாரித்திருந்தது, அது ஒன்றுதான் அவனுக்கு வந்த கேடு. கையில் பீட்ரூட் முட்டை.

டார்லா அழவில்லை, கத்தவில்லை. உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு நொடி அவள் முகத்தில் பளிச்சென்று வந்தது, ரோக்கோ அதைப் பார்த்தான். அது அணைந்ததையும் பார்த்தான். அந்த இரண்டாவதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"டார்லா..." கென்ட் முட்டையைக் கீழே வைத்தான். "நீ எப்படி இங்க... இரு, நான் சொல்றேன்."

"ராய் சொன்னது நெஜமா? இன்னொருத்தி?"

அவன் ஹாலிஸைப் பார்த்தான். ஹாலிஸ் நாயைப் பார்த்தார்.

"எரீ டவுன்ல இருக்கா," என்றான் கென்ட் கடைசியில். "ராய் எங்களப் பாத்துட்டான். நீயே அக்கா கிட்ட சொல்லு, இல்லன்னா நான் சொல்லுவேன்னு நின்னான். உன் முகத்தப் பாத்து அத எப்படிச் சொல்றது? எனக்குத் தைரியம் வரல டார்லா."

"அதனால செத்துப்போயிட்ட."

"விழுந்தான்னு மட்டும் சொல்றேன்னுதாம்மா நான் சொன்னேன்," என்றார் ஹாலிஸ் அவசரமாக. அரிசோனா இழுவை பறந்துபோய், அசல் உள்ளூர்ப் பேச்சு வந்துவிட்டது. "எங்க வீட்டு கேம்ப் இது, சின்ன வயசுலேருந்து இங்க ஒண்ணா வேட்டையாடினவங்க நாங்க, அந்தப் பழக்கத்துக்காகத்தான் வந்தேன். தள்ளினான்னு சொல்லச் சொன்னது இவன்தான்."

"ராய் வெளிய இருந்தா உன் கிட்ட எல்லாத்தையும் சொல்லிருவான்," என்றான் கென்ட். "கொலைகாரன் சொன்னா நீ நம்ப மாட்டேன்னு..."

"நம்பல," என்றாள் டார்லா. "நீ நெனச்சபடியேதான் ஆச்சு. என் தம்பிய நான் நம்பல."

இதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. ரோக்கோவுக்கு அந்த வீங்கின மூக்கில் இன்னொரு குத்து விடவேண்டும் போல் கை அரித்தது. லெனோரா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இது தாங்கள் தலையிடவேண்டிய இடம் அல்ல.

கென்ட்டுக்கு அந்த உடைந்த குரலில் ஒரு வழி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலியின் நுனிக்கு வந்தான். "கேளு டார்லா. என்னப் பாக்கலன்னு சொல்லிரு. இப்பவே போயிடறேன், இந்த மாநிலத்துப் பக்கமே வரமாட்டேன். பொணம் இல்லாத கேஸு, ராயக் கொஞ்ச நாள்ல விட்டிருவாங்க. உனக்கும் இந்த அசிங்கமெல்லாம் வேணாம். புருஷன் செத்துட்டான்னு கௌரவமா இருந்துக்கலாம். எல்லாருக்கும் நிம்மதி."

அடுப்பில் விறகு வெடித்தது. டார்லா முழங்காலில் ஒட்டியிருந்த சேற்று இலையை நிதானமாகப் பிய்த்துப் போட்டாள். மூன்று நாளாக ஓரிடத்தில் நிற்காதவள் இப்போது அசையாமல் நின்றாள்.

"நீ செத்தே இரு கென்ட்," என்றாள். "எனக்கு ஆட்சேபணையே இல்ல. உனக்காக நான் அழுது முடிச்சாச்சு, இன்னொரு தடவை அழமாட்டேன். ஆனா முதல்ல ஜெயில் வாசல்ல வந்து உசிரோட நில்லு. ராய் உன்ன நல்லா பாக்கட்டும். அதுக்கப்புறம் எங்க வேணா போய்ச் செத்துக்க."

கதவோரம் கிடந்த அவன் பூட்ஸை எடுத்து மேசை மேல், சாண்ட்விச்சின் மேலேயே வைத்தாள்.

"போட்டுக்க. என் தம்பி காத்துக்கிட்டிருக்கான்."